ஒன்பது நிமிடம் வசனம் இல்லை

நூற்றுப் பதினெட்டு. அமுக்கினேன். திரைக்குக் கீழே கட்டியிருக்கும் துணிப்பட்டையில் "சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கிறது" என்று வந்தது. திரையில் அந்த மனைவி அப்போதுதான் வாயை மூடினாள். பரவாயில்லை, அரை நொடி பிந்தினால் யாருக்கும் தெரியாது, ஒரு நொடி பிந்தினால் முன்வரிசை நெளியும், இரண்டு நொடி பிந்தினால் ஃபிலிம் சொஸைட்டி நடத்தும் பிலவேந்திரன் சார் கழுத்தைத் திருப்புவார். அவர் கழுத்தைத் திருப்பினால் எனக்கு அடுத்த பத்து வரியும் தப்பும். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு வரி. படத்தில் அவர்கள் பேசுவது ஸ்வீடிஷ், படத்தோடு ஒட்டி வருவது ஆங்கிலம், அதைப் பார்த்து நான் எழுதியது தமிழ். வரிகள் எல்லாம் என் மடிக்கணினியில் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கின்றன, ஆள் பேசும்போது நான் அம்புக்குறியை அமுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை, ஆனால் கண்ணை எடுக்க முடியாத வேலை. ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி, பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்து மாடி ஹால், ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி, அதையும் மீறி ஓரங்களில் வெயில் கத்திமுனை மாதிரி உள்ளே நிற்கிறது, திரையிலோ பனி. நூற்றுப் பத்தொன்பது. பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மா. அம்மா இதற்கு முன் இங்கே வந்ததில்லை. வியாழக்கிழமை நான் ஹைதராபாத் போகிறேன், அங்கே ஒரு கம்பெனியில் இதே வேலைக்கு ஆள் எடுத்திருக்கிறார்கள், அப்படி என்னதான் செய்யப்போகிறாய் என்று பார்க்கிறேன் என்று கிளம்பி வந்துவிட்டாள். முன்னால் போய் உட்காரும்மா, நன்றாகத் தெரியும் என்றேன். "அங்கன எல்லாம் படிச்ச ஆளுவளா இருக்காவ, நான் ஒம்பக்கத்துலயே இருக்கேன்" என்றாள். எனக்கு அது பயமாக இருந்தது. இந்தப் படத்தை அம்மா என்னோடு பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டாம் என்று இருந்தது.

கதாநாயகன் தூரே லிண்ட்வால் இப்போது கோட்டைக் கழற்றுகிறார். சொஸைட்டி போட்டிருக்கும் சின்னப் புத்தகத்தில் 'லிண்ட்வாலின் ஐந்து உன்னத நடிப்புகள்' என்ற கட்டுரை நான் எழுதியது. பெயர் போடவில்லை, நான்தான் போட வேண்டாம் என்றேன். நேற்றுக் காலை மேடையில் ஏறி அதைச் சொல்லச் சொன்னபோது எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, பிலவேந்திரன் சாரே வாசித்தார். என் பெயர் பேச்சியம்மாள். கல்லூரியில் பேச்சே இல்லாத பேச்சி என்பார்கள், மூன்று வருஷமும் அந்த ஒரே ஜோக்கு. நூற்று இருபது. நேற்றுப் போட்ட படத்தில் லிண்ட்வால் வாத்தியார். ஒரு பையனை அறைந்துவிடுகிறார், பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார், துடைக்கிறார், ஒரு நிமிஷத்துக்கு மேல் துடைக்கிறார், கண்ணாடியில் அழுக்கே இல்லை என்பது நமக்குத் தெரிந்த பிறகும் துடைக்கிறார். இன்னொரு படத்தில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டிராம் ஓட்டுநர், வீட்டில் பல் தேய்க்கும்போதும் வண்டி குலுங்குவது போலக் காலை அகட்டி நிற்பார், ஒருவரும் அதைப்பற்றிப் படத்தில் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். கட்டுரையில் நான் எழுதினேன்: இவருடைய சிறந்த நடிப்பெல்லாம் பேசுவதற்குச் சற்று முன்னால் நடக்கிறது, தொண்டையில் ஒன்று ஏறி இறங்குகிறது, பிறகு அவர் சொல்வது வேறு ஏதோ ஒன்று. எழுதிவிட்டு எனக்கே வியப்பாக இருந்தது, இது எனக்கு எப்படித் தெரிந்தது என்று. பிறகு வியப்பாக இல்லை. பதினொரு வருஷமாக அதைத்தான் வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நூற்று இருபத்தொன்று, இரண்டு, இந்த இடத்தில் சேர்ந்தே வரும்.

"இவன் என்ன உத்தியோகம் பாக்கான்?" அம்மா குனிந்து கேட்டாள். ஏரி உறைஞ்சுபோகும்மா, அதுமேல கார் போகும், போகலாமா கூடாதான்னு பார்த்து பலகை வைக்கிற வேலை. "இது ஒரு உத்தியோகம்" என்றாள் அம்மா. பிறகு, "இவனுக்கு இருக்கது ஒரே ஸ்வெட்டர்தானா, காலையில இருந்து இதத்தான் போட்டிருக்கான்." படத்தின் பெயர் 'பதினேழு சென்டிமீட்டர்'. ஐந்தில் எதையெல்லாம் தமிழில் செய்யலாம் என்று பிலவேந்திரன் சார் கேட்டபோது நான்தான் இதைச் சொன்னேன், ஏன் சொன்னேன். மதியம் ஏரியின் நடுவில் ஓட்டை போட்டுப் பனிக்கட்டியின் கனத்தை அளக்கிறார், இருபது இருக்க வேண்டிய இடத்தில் பதினேழு இருக்கிறது. உடனே பலகை வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. வீட்டுக்குப் போகிறார், கோட்டைக் கழற்றுகிறார், சாப்பிடுகிறார், சாப்பிட்டுவிட்டு வைக்கலாம் என்று. அந்த முக்கால் மணி நேரத்தில் அவர் மனைவியின் தம்பி கார் ஓட்டிக்கொண்டு ஏரிக்குள் போய்விடுகிறான். அவ்வளவுதான் கதை. மீதியெல்லாம் அவர்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருப்பது. இதை அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாக அமுக்கிக்கொண்டிருக்கிறேன். அம்மா இன்னும் அதைக் கண்டுபிடிக்கவில்லை, அல்லது கண்டுபிடித்துவிட்டாள், அம்மாவின் முகம் இந்த வெளிச்சத்தில் பனி நிறமாக இருக்கிறது, அதில் ஒன்றும் படிக்க முடியவில்லை. நூற்று முப்பது.

அப்பா பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர். அவருடைய எல்லாச் சட்டையிலும் அமிலம் பட்ட பொடிப் பொடி ஓட்டை இருக்கும். அன்றைக்கு பிளஸ் டூ செய்முறைத் தேர்வு. கழுகுமலையிலிருந்து காலை பதினோரு மணிக்கு அப்பாவுக்குப் போன் வந்தது, அம்மாவின் போன் ரிப்பேருக்குப் போயிருந்தது, அதனால் அவருக்கு. அம்மாவின் அப்பா தவறிவிட்டார். அப்பா கேட்டுக்கொண்டார். போனை வைத்தார். இரண்டாவது பேட்ச் பிள்ளைகளுக்கு பியூரெட்டைக் கழுவி வைத்தார். முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தாராம், நடுவில் போக விடமாட்டார்கள் என்று நினைத்தாராம், நினைத்தாராம். நாலரை மணிக்கு வீட்டுக்கு வந்து சொன்னார். நாங்கள் பஸ் பிடித்துப் போய்ச் சேரும்போது எடுத்துவிட்டார்கள். தெருவில் மாலையிலிருந்து உதிர்ந்த பூ கிடந்தது, அதன்மேல் நடந்துதான் வீட்டுக்குள் போனோம். அம்மா அவள் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அப்போது பதின்மூன்று வயது, அம்மா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. திரும்பி வந்த பிறகு மூன்றாம் நாள் காலையில் அம்மா என்னைப் பார்த்து, "ஒங்கப்பாட்ட சொல்லு, இட்லி வச்சிருக்கு" என்றாள். அப்பா இரண்டடி தள்ளித்தான் நின்றார். நான் சொன்னேன். அன்றைக்கு ஆரம்பித்தது. நூற்று நாற்பத்தொன்று. பிந்திவிட்டேன், ஒரு நொடி. யாரும் திரும்பவில்லை.

துணைத்தலைப்பு எழுத ஒரு விதி உண்டு, ஒரு சமயத்தில் இரண்டு வரிக்கு மேல் கூடாது, ஜனங்களால் அதற்குமேல் படிக்க முடியாது, ஆள் ஐந்து வாக்கியம் பேசினாலும் நீ ஒன்றாகச் சுருக்க வேண்டும். பிலவேந்திரன் சார் இதை எனக்கு ஒரு மணி நேரம் விளக்கினார், நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன், எனக்கு ஏற்கெனவே தெரியும். "திங்க வரச் சொல்லு, ஆறிப்போச்சின்னா மறுபடி சூடு பண்ண இங்க யாரும் வேலக்காரி கெடையாது" என்று அம்மா சொன்னால், நான் போய், "எப்பா, சாப்பிட வாங்க" என்பேன். "அவளுக்கு எப்பவும் ஒரு வியாக்கியானம், மோட்டார் போட்டாளா இல்லியான்னு மட்டும் கேளு" என்று அப்பா சொன்னால், "எம்மா, மோட்டார் போட்டாச்சா?" இருவரும் ஒருவருக்கொருவர் நீ, நீங்கள் என்பதையே மறந்துவிட்டார்கள். அவளுக்கு அவர் 'ஒங்கப்பா', அவருக்கு அவள் 'ஒங்கம்மா', எல்லா வாக்கியமும் என்னில் தொடங்கின. இந்தப் படத்து மனைவி புருஷனிடம் பேசுவதையெல்லாம் நான் முதலில் 'நீங்க' என்று எழுதிவிட்டேன், பிலவேந்திரன் சார் சிரித்தார், "ஏம்மா, ஸ்வீடன்காரி புருஷனுக்கு இம்புட்டு மரியாதையா குடுப்பா?" என்றார். எல்லாவற்றையும் 'நீ' என்று மாற்றினேன். மாற்றும்போது ஒவ்வொரு வரியிலும் கை நின்றது. 'நீ' என்றால் அவள் அவரிடமே பேசுகிறாள், நேராக, முகத்தைப் பார்த்து. இரவல் குரல் இல்லை. நூற்று ஐம்பத்தெட்டு, ஒன்பது, அறுபது.

நூற்று அறுபத்துநான்கு வருகிறது. லிண்ட்வால் அடுப்புப் பக்கம் நிற்கும் மனைவியின் முதுகைப் பார்த்து ஒரு சொல் சொல்கிறார், 'ஃபொர்லோட்'. ஸ்வீடிஷில் எனக்குத் தெரிந்த ஒரே சொல், திரும்பத் திரும்பக் கேட்டுக் கேட்டுத் தெரிந்தது. ஆங்கிலத்தில் 'ஸாரி' என்று போட்டிருக்கிறார்கள். தமிழில் என்ன போடுவது. நம்மூரில் பஸ்ஸில் கால் மிதித்தால் சாரி. வீட்டுக்குள் அதற்குச் சொல்லே இல்லை. வீட்டுக்குள் பூ வாங்கி வருவார்கள், காப்பி போடட்டுமா என்பார்கள், இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காதது போல ஃபேனை வேகமாக வைப்பார்கள். அந்தச் சொல்லை ஒருவர் வாயிலிருந்து நேராக நான் ஒரே ஒரு தரம் கேட்டிருக்கிறேன், அதை நினைக்கவில்லை, இப்போது நினைக்கப்போவதில்லை. அமுக்கினேன். "என்னை மன்னித்துவிடு." அம்மா எழுத்துக் கூட்டி வாசித்தாள். "புருஷன் பொண்டாட்டிட்ட இப்பிடியா சொல்லுவான்?" என்றாள். ஸ்வீடன்ல சொல்லுவாவம்மா என்றேன். "இங்க சொல்ல மாட்டாவளோ?" என்றாள். கேள்வியா, சும்மா சொன்னதா. நான் திரும்பிப் பார்க்கவில்லை. நூற்று அறுபத்தைந்தைத் தவறவிட்டு, நூற்று அறுபத்தாறில் பிடித்தேன்.

சரி, நினைக்கிறேன். நான் பிளஸ் ஒன். சனிக்கிழமை மதியம். அப்பா முன்னறையில் செய்தித்தாள் வைத்திருந்தார், ஒரே பக்கத்தை வெகுநேரமாக. நான் ரெக்கார்டு நோட்டில் தவளையின் இதயம் வரைந்துகொண்டிருந்தேன். அப்பா தொண்டையைச் செருமினார். தொண்டையில் ஒன்று ஏறி இறங்கியது. "ஏ பேச்சி" என்றார். "ஒங்கம்மாட்ட சொல்லு... அன்னைக்கு நான் செஞ்சது தப்புதான். மன்னிச்சிக்கிடச் சொல்லு." சொல்லிவிட்டு என்னைப் பார்க்கவில்லை, செய்தித்தாளைத் திருப்பினார், அது தலைகீழாக இருந்தது, நான் பார்த்தேன். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. அப்பாவின் வேட்டி அவிழ்ந்ததைப் பார்த்துவிட்டது போல. இட்லி, மோட்டார், கேஸ், ரேஷன் கார்டு, இதையெல்லாம் நான் கொண்டுபோவேன், இதை எப்படி என் வாயால், பதினாறு வயதில், சினிமாவில் வரும் சொல்லை, அம்மாவின் முகத்துக்கு நேராக. எழுந்து அடுப்படிக்குப் போனேன், போகத்தான் செய்தேன். அம்மா அங்கே ஏதோ செய்துகொண்டிருந்தாள். வாய் வரவில்லை. சாயங்காலம் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு பரீட்சை முடியட்டும். பிறகு அம்மாவுக்குக் காய்ச்சல். பிறகு ஒரு மாதம் கழித்து எப்படிப் போய்ச் சொல்வது, ஏன் அன்றே சொல்லவில்லை என்பாளே. பிறகு ஒரு வருஷம். எட்டு வருஷம். அப்பாவும் என்னிடம் சொன்னாயா என்று கேட்கவில்லை, அவர் பதிலுக்குக் காத்திருந்திருப்பார், ஒரு வாரம் காத்திருந்திருப்பார், பிறகு அம்மா மன்னிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டிருப்பார். அதன் பிறகு அவர் குறுகிப்போனார். நான் பார்த்தேன். துணி காயப்போடும்போது கொடியின் ஒரு ஓரமாக மட்டும் தன் சட்டையைப் போட ஆரம்பித்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பியூரெட் கழுவிய அப்பாவை அம்மா மன்னிக்கவில்லை, அது ஐந்தரை மணி நேரம். என்னுடையது எட்டு வருஷம். இருநூற்று நாற்பது. நாற்பத்தொன்று. விரல் தன்னால் அமுக்கிக்கொண்டு போகிறது, அதற்கு நான் வேண்டியதில்லை.

இருநூற்று எண்பத்தேழுக்குப் பிறகு ஒன்பது நிமிடம் வசனம் இல்லை. லிண்ட்வால் துளைப்பானைத் தோளில் போட்டுக்கொண்டு ஏரிமேல் நடப்பார், ஓட்டை போடுவார், அளப்பார், நடப்பார், இன்னொன்று. கேமரா முதுகுக்குப் பின்னாலேயே போகும், முகத்தைக் காட்டவே காட்டாது. அவருடைய ஐந்து உன்னத நடிப்புகளில் இதுவே முதலாவது என்று எழுதியிருக்கிறேன். பிடரியும் இரண்டு காதும் மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் செய்தது, ஒவ்வொரு ஓட்டைக்கும் கழுத்து ஒரு நூல் தாழ்ந்துகொண்டே போகும், கடைசி ஓட்டையில் அவர் அளக்கவில்லை, சும்மா குனிந்து தண்ணீரைப் பார்க்கிறார் என்று நமக்கு முதுகிலிருந்தே தெரியும். அந்த ஒன்பது நிமிடமும் எனக்கு வேலை இல்லை. கை சும்மா இருக்கும். சொன்னால் அப்போதுதான். வீட்டில் சொல்ல முடியாது, அப்பா இருப்பார். பஸ்ஸில் முடியாது. இருட்டில், முகம் தெரியாமல், இருவரும் வேறொன்றைப் பார்த்துக்கொண்டு இருக்கும்போது. வியாழக்கிழமை நான் போய்விட்டால் அதன் பிறகு அந்த வீட்டில் யார் யாரிடம் என்ன சொல்வார்கள், இட்லி வைத்திருக்கிறது என்பதைக்கூட. சொன்னால் அம்மா என்னை என்ன செய்வாள். என்னிடமும் பேச்சை நிறுத்தினால், அதைக் கொண்டுபோக யார் இருக்கிறார்கள். இருநூற்று எண்பத்தாறு. எண்பத்தேழு. "நான் வெளியே போகிறேன்." கதவு சாத்தும் சத்தம். பட்டை இருட்டானது.

முதல் ஓட்டை. ஹாலில் இரண்டு பேர் செல்போனை எடுத்து மணி பார்த்தார்கள். "எதுக்குட்டி சும்மா சும்மா ஓட்ட போடுதான்?" என்றாள் அம்மா. எங்கெல்லாம் பார்க்காம விட்டமோன்னு பார்க்கான்மா. "அதான் ஆளு செத்தாச்சே." ஆமாம்மா. இரண்டாவது ஓட்டை. காற்று அவர் காதைச் சிவப்பாக்கியிருக்கிறது, நிஜக் குளிராகத்தான் இருக்கும், யாராலும் காதை நடிக்க முடியாது. மூன்றாவது. இப்போது சொல்ல வேண்டும். நான்காவதில் சொல்கிறேன். நான்காவது ஓட்டை போட்டு முடித்தார், பனித்தூளைக் காலால் தள்ளினார். என் மடிக்கணினியில் 288 என்று எண் காத்துக்கொண்டு நின்றது.

"எம்மா."

"ம்."

"அப்பா ஒருநாள் ஒன்ட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாவ. நான் சொல்லல. நான் பிளஸ் ஒன் படிக்கையில. தப்புதான், மன்னிச்சிக்கிடச் சொல்லுன்னு சொன்னாவ."

சொல்லியே விட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, அம்மாவுக்குக் கேட்டதோ என்று இருந்தது. லிண்ட்வால் நடந்துகொண்டிருந்தார். அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எனக்குத்தான் கேட்டுதே" என்றாள்.

நான் தவறாகக் கேட்டேன் என்று நினைத்தேன்.

"நடுச்செவரு முழுசா ஏறாத வீடு. அங்கன தும்முனா இங்கன கேக்கும். அவிய சொல்லும்போது நான் புளி கரச்சிக்கிட்டு நின்னேன். கையப் புளிக்குள்ளயே வச்சிக்கிட்டு நின்னேன். நீ வந்த. சொம்புல தண்ணி மோந்து குடிச்ச. சொம்பக் கவுத்தி வச்ச. போயிட்ட."

"அப்ப நீ..."

"நீ வந்து சொல்லுவன்னு பாத்தேன். அன்னைக்குப் பூரா பாத்தேன். மறுநாளும் பாத்தேன். பிள்ள சொல்லாம இருக்கான்னா, அவளுக்கே அது மனசுல ஏறல போலன்னு விட்டுட்டேன்." அம்மா சேலைத் தலைப்பை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "நீ சொல்லாம நான் எப்படிட்டி பதில் சொல்ல?"

கேட்டிருக்கிறாள். எப்போதும் கேட்டிருக்கிறாள். நான் சுருக்கியது, கூர் மழுக்கியது, விட்டது, எல்லாவற்றின் முழு வடிவமும் இரண்டு பேருக்கும் தெரியும், வேலக்காரி கெடையாது என்பது அப்பாவுக்குத் தெரியும், வியாக்கியானம் என்பது அம்மாவுக்குத் தெரியும். நான் கொண்டுபோனது சேதி இல்லை. நான் கொண்டுபோனால்தான் அது சேதி. நான் வாயைத் திறக்காத அந்த ஒன்று மட்டும் சொல்லப்படாததாகவே அந்த வீட்டில் எட்டு வருஷம் எல்லோர் காதிலும் கிடந்திருக்கிறது. இது ஐந்தாவது ஓட்டையா ஆறாவதா. கழுத்து எவ்வளவு தாழ்ந்திருக்க வேண்டும், பார்த்துக்கொண்டே இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

"இப்ப சொல்லிட்டேன்லாம்மா" என்றேன். சின்னப்பிள்ளைக் குரலில் வந்தது.

"சொல்லிட்ட."

"அப்பாட்ட நான் என்ன சொல்ல?"

அம்மா ஒரு முறை என் பக்கம் திரும்பினாள், கோபமாக இல்லை, ரொம்பச் சோர்ந்துபோன ஒருத்தியை பஸ் ஸ்டாண்டில் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள். "எட்டு வருஷம் கழிச்சி வந்து நிக்க, ஒடனே பதில் கேக்க. யோசிக்க வேண்டாமா? நீ வியாழக்கெழமதான போற. அதுக்குள்ள சொல்லுதேன். ஒன்ட்டதான் சொல்லணும், அங்கன வேற யார் இருக்கா."

முன்வரிசையிலிருந்து ஒருவர், "ஏய், எழுத்து வரல" என்றார். இன்னொருவர் நாக்கைச் சொடுக்கினார். பிலவேந்திரன் சாரின் தலை திரும்பியது. திரையில் ஏரி இல்லை, வீடு, மேசை, லிண்ட்வால் மேசைமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார், எப்போது வந்தார், எப்போது பேச ஆரம்பித்தார். மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். பட்டை இருட்டாகவே இருந்தது.

"அமுக்குட்டி, ஆளுவ காத்துக்கிட்டு இருக்காவ" என்றாள் அம்மா.

இருநூற்று எண்பத்தெட்டை அமுக்கினேன். எண்பத்தொன்பது. தொண்ணூறு. அவர் பேசி நிறுத்திவிட்டார், வாய் மூடிவிட்டது, நான் அவர் சொல்லி முடித்ததையெல்லாம் ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டிருந்தேன்.